கணக்குக்கு ஒரு பெண்டாட்டி

என் அப்பா சிலோன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது எனக்குப் பாவாடை நாடாவை முடிச்சுப் போடத் தெரியாது. மனுவில் குடும்பத்தார் பெயர்களை எல்லாம் எழுதச் சொன்னார்கள். என் பெயருக்கு எதிரே ‘மணமாகாத பெண்’ என்று எழுதினார்களாம். பால்பல் விழாத பிள்ளைக்கு வேறு என்ன ஆகியிருக்கும்? அந்த மனுவுக்குப் பதில் வந்தபோது எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. அரசாங்கம் அவ்வளவு நிதானமாக யோசித்தது.

கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். துறையூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் பால் வெட்டப் போன சனம். வெள்ளைக்காரன் போனதும் சிலோன்காரர்கள் எங்களைப் பார்த்து, நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்றார்கள். இந்தியாவோ, நீங்கள் போய் ரொம்பக் காலம் ஆகிவிட்டதே என்றது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தொப்புள்கொடி அறுக்கும்போதே ஒரு நாடு கிடைத்துவிடுகிறது. எங்களுக்கு மட்டும் மனுப் போட்டு, விசாரணைக்குப் போய்க் கைகட்டி நின்று, பதிந்து வாங்க வேண்டியதாக இருந்தது. சிலோனிலும் பதியலாம், இந்தியாவிலும் பதியலாம். பதியாதவன் எந்த நாட்டானும் இல்லை.

அதனால் எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் வந்தது. ஒரே வீட்டில் எல்லாரும் ஒரே நாட்டுக்கு மனுப் போடமாட்டோம். அண்ணன் இந்தியாவுக்குப் போட்டால் தம்பி சிலோனுக்குப் போடுவான். யாருக்குக் கிடைக்கிறதோ அவன் மற்றவனை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று மற்றவர்களைத் திட்டுவார்கள். நாங்கள் வேண்டுமென்றே அப்படி நின்றோம். இரண்டு பேருக்குமே கிடைத்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எங்களுக்கு எது சுளுவாகக் கிடைத்திருக்கிறது, அப்படி யோசிப்பதற்கு?

எனக்கு மாப்பிள்ளை அமைந்தபோது அப்பாவின் மனு நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்தைப் பதிந்தால் நான் அப்பாவின் குடும்பத்திலிருந்து கழன்றுவிடுவேன், மனுவில் என் பெயர் அடிபட்டுவிடும்.

“தாலியக் கட்டிப்புடுவோம். எழுத்து வேலைய சீட்டு வந்த பெறகு பாத்துக்கலாம்” என்றார் அப்பா.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி ஏறியது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிக் கல்யாணங்கள் அப்படித்தான் நடந்தன. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் இன்னார் பெண்டாட்டி இன்னார் என்று எல்லாருக்கும் தெரியும். அரசாங்கக் கச்சேரியில் எவருக்கும் தெரியாது.

ஒருவழியாகப் பிரஜாவுரிமைச் சீட்டு வந்தது. அப்பா அதற்கு நான்கு முனையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். நான் சிலோன் பிரஜை ஆனேன். என் வீட்டுக்காரர் வீட்டில் இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார்கள். கொஞ்ச காலத்தில் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அந்தப் பங்கில் அவர் இந்தியா பக்கம் விழுந்தார். ஒரே அடுப்பில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒரே பாயில் படுத்து எழுந்து, ஆளுக்கொரு தேசத்தார் ஆனோம். எங்கள் பையனுக்கு அப்போது மூன்று வயது.

அந்தமானுக்குத் தெற்கே நிக்கோபாரில் கச்சால் என்ற தீவில் ரப்பர்த் தோட்டம் போடுகிறார்கள், பால் வெட்டத் தெரிந்தவர்களைக் குடும்பத்தோடு எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பால் வெட்ட வேண்டும், அப்படிப்பட்ட குடும்பத்துக்குத்தான் வீடு கொடுப்பார்கள் என்றார்கள். இவருடைய குடும்பக் கார்டில் என்னைச் சேர்க்க முடியாது, நான்தான் சிலோன்காரி ஆகிவிட்டேனே. இவருக்குத் தாய்மாமன் மகள் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், தாய் தகப்பன் இல்லை, எந்த நாட்டுச் சீட்டும் இல்லை. தனி ஆளாக அவளை எந்தப் பக்கமும் கூப்பிடவில்லை.

யோசனை சொன்னவர் வேறு யாரும் இல்லை, என்னைப் பெற்ற அப்பாதான்.

“கணக்குக்கு அந்தப் புள்ளையப் பொஞ்சாதின்னு எழுதிப்புடுங்க மாப்பிள்ள. அதுக்கும் ஒரு வழி பொறக்கும். பையனையும் அதுலயே சேத்துக்கிட்டா மூணு பேராப் போயிரலாம். எம் மக பின்னாடி விசா வாங்கிக்கிட்டு வந்து சேந்துக்கட்டும்.”

கணக்குக்குப் புருஷன், கணக்குக்குப் பெண்டாட்டி என்பது எங்கள் சனத்தில் அப்போது கூச்சப்படுகிற விஷயம் இல்லை. தாலி கிடையாது, சோறாக்கிப் போடுவது கிடையாது. ஒரு ஆளைக் கரையேற்றி விடுகிற உபகாரம், அவ்வளவுதான். லயத்து அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று தலையை ஆட்டினேன். எழுத்தில் மணமாகாதவளாகவே இருந்துகொண்டு கல்யாணம் கட்டிக் குடித்தனம் நடத்திப் பிள்ளையும் பெற்றவள் நான். வெறும் எழுத்து என்னை என்ன செய்துவிடும் என்று இருந்தேன். என் பையனுக்குத் தாய் என்று அவள் பெயர் ஏறியது. மூன்று பேரும் கண்டியில் இந்திய ஆபீசில் கையெழுத்துப் போட்டு இந்தியர்களாகப் பதிந்துகொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். பையன் கப்பலைப் பார்த்த சந்தோஷத்தில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு விசா கிடைத்து நான் போர்ட் பிளேர் வந்து சேர்வதற்குள் நாய் படாத பாடு பட்டேன். வந்து இறங்கியதும் கச்சாலுக்கு எப்போது கப்பல் என்றுதான் முதலில் கேட்டேன். என் பெர்மிட்டைப் பார்த்த ஆபீசர் சிரித்தார். நான் வெளிநாட்டுக்காரி, போர்ட் பிளேரைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாதாம். நிக்கோபார் பக்கம் அந்நியர் வாடையே ஆகாதாம். மூட்டையைக் கப்பல் அணைகிற ஜெட்டியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து அழுதேன். அப்படி அழுததுதான் கடைசி. அதன் பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது, இன்றைக்கு வரைக்கும் வருகிறது.

போர்ட் பிளேரிலேயே லம்பா லைன் என்ற இடத்தில் சிவகங்கைக்காரர் ஒருவர் மர காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்தார். லாங் ஐலண்டிலிருந்து மரம் வரும். கச்சால் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் என் வீட்டுக்காரர் அவரிடம் மரம் இறக்கியிருக்கிறார், அந்தப் பழக்கம். அவர் வீட்டில் சமையலுக்கும் துணிக்கும் ஆள் வேண்டியிருந்தது, நான் இருந்துகொண்டேன். மாதா மாதம் போலீஸ் ஆபீசுக்குப் போய், ஓடிப் போய்விடவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். எங்கே ஓடுவது? மூன்று பக்கம் கடல் என்று பள்ளிக்கூடத்தில் இந்தியாவைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே நான்கு பக்கமும் கடல்.

காண்ட்ராக்டர் விஷயம் தெரிந்தவர். “இந்தியன் சிட்டிசனோட பொண்டாட்டின்னு எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டா முடிஞ்சுதுத்தா, பாத் கத்தம்” என்றார். புருஷன் இந்தியப் பிரஜையாக இருந்தால் பெண்டாட்டி மனுப் போட்டுப் பதிந்துகொள்ளலாம், சட்டத்தில் இடம் இருக்கிறதாம். பாரம் வாங்கி அவரே பூர்த்தி செய்தார். எங்கள் வீட்டுக் கணக்குப் பெண்டாட்டி கதை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, அது கச்சாலோடு போகிற விஷயம் என்று இருந்தேன்.

மனு வாங்குகிற ஆபீசில் திருநெல்வேலி கிளார்க் ஒருவர் இருந்தார். பாரத்தை வாங்கிப் படித்தார். உள்ளே போய் ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்து புரட்டினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே வேப்பமரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“ஏம்மா, நீங்க யாரு?”

“அவரு சம்சாரம்ங்க.”

“அவரு சம்சாரம் அவருகூட கச்சால்ல பால் வெட்டிக்கிட்டு இருக்குன்னு ரிக்கார்டு சொல்லுதே. ஒரு பையனும் இருக்கான். நீங்க எத்தனாவது?”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வேறு வழி இல்லாமல் முழுக் கதையையும் அவரிடம் கொட்டினேன். அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். பாரம் அவரைத் தாண்டி ஆபீசர் மேஜைக்குப் போயிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

“இத மேல கொண்டு போனா என்ன ஆகும்னு தெரியுமா? பொய் சொல்லிப் பதிஞ்சாங்கன்னு அந்த மூணு பேரு பதிவையும் அடிச்சிருவான். உங்க வீட்டுக்காரரு, அந்தப் பொண்ணு, சின்னப் பையன், மூணு பேரும் நாடு இல்லாம நிப்பாங்க. சிலோன்காரனும் திருப்பி எடுக்க மாட்டான். நீங்க ஒரு ஆளு உண்மையச் சொன்னாப் போதும், மூணு பேரு தெருவுக்கு வந்துருவாங்க.”

“அப்ப நான் எம் புள்ளகிட்டப் போறதே இல்லீங்களா?”

அவர் பாரத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “வேற வழி ஒண்ணு இருக்கு” என்றார். இந்திய வம்சாவளிக்காரர்கள் இங்கே வந்து ஆறு மாதம் தங்கியிருந்தால் அதைக் காட்டியே பதிந்துகொள்ளலாம், புருஷன் பெயரே வேண்டாம் என்றார். பாட்டன் இந்தியாவில் பிறந்தவர் என்று காட்டினால் போதும்.

“ஆனா ஒண்ணு. மணமாகாதவள்னுதான் எழுதணும். உங்க சிலோன் சீட்டுல அப்படித்தான் இருக்கு, இங்கயும் அப்படியே இருக்கட்டும். புள்ள இல்லைன்னும் எழுதணும்.”

என்னைப் பெற்றவர் ஒரு நாட்டில் என்னை மணமாகாதவள் என்று எழுதி வாங்கினார். இன்னொரு நாட்டில் அதே பொய்யை நானே எழுதிக் கொடுத்தேன். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு எழுதிப் போட்டு, தாத்தா பிறந்த வீட்டையும் அவர் கூடப் பிறந்தவர்களையும் குறித்துக் கிராம முன்சீப்பிடம் சான்று வாங்கினோம். நான் பார்த்தே அறியாத செத்துப்போன மனிதருக்கு நான் பேத்தி என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தாய் என்று சொல்லத்தான் வழி இல்லை.

கச்சாலில் அவர்களும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்து சூப்பர்வைசர் எந்த நேரம் வேண்டுமானாலும் வந்து வீட்டில் யார் யார் என்று பார்ப்பாராம். அதனால் பையனைப் பழக்கினார்கள். முதலில் ஆட்கள் முன்னால் மட்டும் அவளை அம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள். சின்னப் பிள்ளை, எப்போது ஆட்கள் இருக்கிறார்கள், எப்போது இல்லை என்று அவனுக்கு என்ன தெரியும்? எப்போதுமே கூப்பிடு என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியம்மா என்று சொல்ல வேண்டும். கணக்குப்படி நான் அவளுக்கு அக்கா.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் புருஷனையும் அந்த விஷயத்தில் சொல்ல மாட்டேன். அவள் வீட்டுக்குள் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் படுத்தாள், இவர் இந்தப் பக்கம் படுத்தார், அது எனக்குத் தெரியும். அவள் என் புருஷனை எடுத்துக்கொள்ளவில்லை. பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது கண்விழித்தவள் அவள். தலைக்கு எண்ணெய் தேய்த்தவளும் அவள்தான். பிள்ளை தானாக அவள் மடிக்குப் போனான். வயிறு எரிகிறது, யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இப்படி ஒரு எரிச்சலைப் பகையாளிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

பொங்கல் கப்பலில் இவர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெட்டியில் இறங்கியவன் இவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். உயரமாகியிருந்தான். முன்பல் இரண்டு விழுந்திருந்தன. “பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு” என்றார் இவர். பக்கத்தில் யார் யாரோ நின்றார்கள், இவர் பயந்தது சரிதான். இருந்தாலும் அந்த நேரத்தில் இவரைக் கடலில் தள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, இவர் பஜாருக்குப் போயிருந்த வேளையில் என் மனு சம்பந்தமாக விசாரிக்க இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். வருகிறேன் என்று யாரிடம் சொல்லிவிட்டு வருவார்கள்? கொல்லையில் பையனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காண்ட்ராக்டர் வீட்டம்மா ஓடிவந்து, “கழுத்துல கெடக்குறத ரவிக்கைக்குள்ள தள்ளுடி” என்றாள். தள்ளிக்கொண்டு, ஈரத் தலையோடு நின்ற பையனைக் கையில் பிடித்தபடியே முன்பக்கம் போனேன். அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போகத் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் வடக்கத்திக்காரர். மரியாதைக்காரர்தான். நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். ஷாதி? கல்யாணம் ஆகவில்லை என்றேன். எனக்கு அதற்குள் அவ்வளவு ஹிந்தி வந்திருந்தது. பிறகு தலையை நிமிர்த்திப் பையனைப் பார்த்தார்.

“யே பச்சா கிஸ்கா ஹை?”

யார் பிள்ளை என்று கேட்கிறார். என் கை அவன் தோளில் இருந்தது. தோள் ஈரமாக இருந்தது. அவன் கன்னத்துக் குழி என் கன்னத்துக் குழி, கண் இருக்கிறவர்கள் யாரும் பார்க்கலாம்.

“என் பிள்ளை இல்லை. தங்கச்சி பையன், கச்சாலில் இருந்து வந்திருக்கிறான்” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். சொல்லும்போதே கையை எடுத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்தபடி அவனைக் கிட்டக் கூப்பிட்டார். “பேட்டா, தும்ஹாரி மா கஹாம் ஹை?” உன் அம்மா எங்கே என்று கேட்டது எனக்கே புரிந்தது, தீவில் வளர்ந்தவனுக்குப் புரியாதா? பையன் கைகளைக் கட்டிக்கொண்டான். அம்மா கச்சாலில் இருக்கிறாள், பால் வெட்டுகிறாள் என்று என்னைவிட நல்ல ஹிந்தியில் சொன்னான். அவள் பெயரையும் சொன்னான். அவன் அப்பன் பெயரையும், வீட்டு நம்பரையும்கூடச் சொன்னான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. இன்ஸ்பெக்டர், ஷாபாஷ் என்று முதுகில் தட்டினார்.

அவர் போன பிறகு பையன் என்னிடம் வரவில்லை. காண்ட்ராக்டர் வீட்டம்மாவிடம் போய், தலையைத் துவட்டச் சொன்னான். நான் செம்பும் கையுமாக நின்றேன்.

பதிவு வந்தது. ஒரு ஆபீசர் முன்னால் நின்று, இந்தியாவுக்கு உண்மையாக இருப்பேன் என்று பிரமாணம் எடுத்தேன். கிளார்க் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தார், நான் திருப்பிச் சொன்னேன். உண்மை என்ற வார்த்தை வந்த இடத்தில் அவர் காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. சிலோன் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். அப்பா மஞ்சள் தடவி வைத்த நாடு அப்படிப் போயிற்று. கையில் சான்றிதழைக் கொடுத்தார்கள். அடுத்த கச்சால் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டேன்.

“பாஸ் எடுக்கணும்லா” என்றார் கிளார்க். “அங்க போக இந்தியருக்கும் பாஸ் வேணும்மா. ஆதிவாசி இடம். ஃபாரினர்னா பாஸே கிடையாது, இந்தியர்னா மனுப் போட்டு வாங்கலாம். அதான் வித்தியாசம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆபீஸ் என்றும் பார்க்காமல் சிரித்தேன். அந்தப் பாஸுக்கும் மனுப் போட்டேன். போகிற காரணம்: தங்கையைப் பார்க்க. உறவு: அக்கா. எல்லாம் பொய், எல்லாவற்றுக்கும் சீல் அடித்துக் கொடுத்தார்கள்.

கச்சாலில் அவர்கள் வீடு நன்றாகத்தான் இருந்தது. அவள் என் காலில் விழுந்தாள், நான் தூக்கிவிட்டேன். மத்தியானம் பால் நிறுக்கிற கொட்டகைக்கு அவளும் இவரும் போய்விட்டார்கள். பையனும் நானும் மட்டும் இருந்தோம். அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன், சாப்பிட்டான். இதற்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்தேன். இரண்டு நாடு, ஒரு தாத்தா, இத்தனை பொய். இனிமேல் என்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. ஆசை தாங்கவில்லை.

“ராசா, இங்க பாரு. நானும் இப்ப இந்தியாக்காரி ஆயிட்டேன். சீட்டு இருக்கு. இப்ப இங்க யாரும் இல்ல. ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடு.”

அவன் சோற்றுக் கையோடு எழுந்து போனான். சன்னலைச் சாத்தினான். வாசலில் தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தான், கதவையும் சாத்தினான். கிட்ட வந்து என் காதில் வாய் வைத்தான்.

“அப்படியெல்லாம் பேசாதீங்க பெரியம்மா. போலீசு கேட்டுருச்சுன்னா அம்மாவப் புடிச்சிக்கிட்டுப் போயிரும்.”

அம்மா என்று அவன் சொன்னது கொட்டகைக்குப் போயிருந்தவளை.